சொல்லாமல் விட்ட சொல்

நம் சங்கத்து இல்லங்களில் ஏதேனும் ஒரு பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் பிள்ளை இல்லாத இல்லம் அரிது. ரயில்வே, வங்கி, மத்திய சர்க்கார் அலுவலகங்கள், சட்டக் கல்லூரி என்று வழிகள் பலவாகப் பிரிந்தாலும், அவ்வழிகளின் வாசலில் நிற்கும் வினாத்தாள்கள் யாவும் ஒரே குடும்பத்துச் சாயலுடையனவாகவே இருக்கின்றன. கணக்கிற்கும் பொது அறிவிற்கும் அஞ்சாத பிள்ளைகளுங்கூட, ஒரு கூற்றைக் கொடுத்து, ‘இக்கூற்றின் அடியில் மறைந்து நிற்கும் எடுகோள் யாது?’ என்று வினவும் பகுதிக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறோம். நாம் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தோமேயன்றி, தருக்க சாஸ்திரம் கற்ற பண்டிதரல்லோம். ஆயினும் இவ்வினாவிற்கு வேண்டுவது பாண்டித்தியமன்று. ஒரு சிறு பழக்கமே.

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எழுதும் ரயில்வே முதல் நிலைப் பணிகளின் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அறிவிப்பின்படி, அதில் 100 வினாக்கள். காலம் 90 நிமிடம். வினா ஒன்றுக்கு 54 விநாடி என்றாகிறது. அந்நூறில் 30 வினாக்கள் சிந்தனைத் திறனைச் சோதிப்பவை. வாதங்களும் எடுகோள்களும் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. தவறான விடை ஒன்றுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். ஆதலின் ‘எதையாவது குறித்து வைப்போம்’ என்னும் துணிச்சல் இங்கே நட்டத்தில் முடியும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுப் பரீட்சையிலோ 120 நிமிடத்தில் 120 வினாக்கள். அங்கே பிழைக்குக் கால் மதிப்பெண் போகும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்காக 1948 முதல் நடந்துவரும் ‘எல்சாட்’ என்னும் பரீட்சையில், 2024 ஆகஸ்டு முதல், மதிப்பெண் பெறும் மூன்று பகுதிகளுள் இரண்டு இத்தகைய தருக்க வினாக்களுக்கே உரியனவாக அமைந்துள்ளன. எனவே இதனைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் விற்கும் வழிகாட்டி நூல்கள் சில இதனை ‘ஊகம்’ என்கின்றன. சில ‘அனுமானம்’ என்கின்றன. நம் பழைய தருக்க நூல்களிலோ அனுமானம் என்பது, புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. அதாவது கூற்றிலிருந்து மேலே ஏறிச் சென்று அடையும் முடிவு. இங்கே வேண்டுவது அதற்கு நேர் எதிர்த் திசை. பேசியவர் வாய் திறப்பதற்கு முன்பே மனத்தில் உண்மையென்று வைத்துக்கொண்டது எதுவோ அதனைக் கீழே இறங்கித் தேட வேண்டும். இந்தி வினாத்தாள்களில் ‘பூர்வதாரணா’ என்று வருவதைப் படித்த பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். முன்னமே கொண்டது என்பது அச்சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் ‘எடுகோள்’ என்னும் சொல்லே பொருத்தமானது என்பது நம் அபிப்பிராயம். க்ஷேத்திர கணிதம் படித்தவர்களுக்கு அது பழகிய சொல்லுங்கூட.

இனி நமக்கு நன்கு பழக்கமான இடத்திலிருந்தே ஓர் உதாரணம். ஸ்டேஷனுக்கு வந்த பிரயாணி ஒருவர், ‘வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆதலால் வீட்டிற்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தால் போதும்’ என்கிறார். இதில் அவர் சொன்னவை இரண்டு: ஒரு காரணம், ஒரு முடிவு. சொல்லாமல் விட்டது, தாமதம் இடையில் ஒன்றரை மணிக்குக் கீழே குறையாது என்பது. ‘இந்த வண்டி நாள்தோறும் தாமதமாகவே வருகிறது’ என்று ஒரு பிள்ளை விடை சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம். இருப்பினும் பிரயாணியின் வாதத்திற்கு அது வேண்டுவதில்லை. இன்று மட்டும் தாமதமானாலும் அவர் வாதம் அப்படியே நிற்கும். ஆனால் தாமதம் குறையாது என்பதை மட்டும் எடுத்துவிட்டால் வாதம் சரிந்து விழுகிறது. கால அட்டவணையில் சில பகுதிகளில் சிறிது உபரி நேரம் சேர்த்தே வைத்திருப்பார்கள். வழி கிடைத்தால் வண்டி அங்கே விட்ட நேரத்தைப் பிடித்துவிடும். இதனை அறியாமல் வயிறாரச் சாப்பிட்டு வந்து, கடைசிப் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்து நின்றவர்கள் எத்தனையோ பேர்!

இவ்வுதாரணத்திலேயே சோதனை முறையும் அடங்கியிருக்கிறது. கொடுக்கப்பட்ட எடுகோளை மறுத்துப் பார்க்க வேண்டும். மறுத்ததும் கூற்று விழுந்தால், அது இன்றியமையாத எடுகோள். மறுத்தும் கூற்று நின்றால், அது எவ்வளவு உண்மையாயினும், எவ்வளவு நல்ல கருத்தாயினும், விடையன்று. ‘இது உண்மையா?’ என்பது கேள்வியல்ல. ‘இது இல்லாமல் அவர் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா?’ என்பதே கேள்வி. பொது அறிவில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே பிழை செய்வதற்குக் காரணம், தாம் அறிந்த உண்மைகளையெல்லாம் வினாவுக்குள் கொண்டுவந்து குவிப்பதுதான்.

மறுப்பது எளிது என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் அதுவே. ‘எல்லாரும் வந்தனர்’ என்பதன் மறுப்பு ‘ஒருவரும் வரவில்லை’ என்பதன்று. ஒரே ஒருவர் வராவிட்டாலும் ‘எல்லாரும்’ பொய்த்துவிடும். ஆகவே அதன் மறுப்பு ‘வராதவர் ஒருவரேனும் உண்டு’ என்பதாம். ‘சிலர் வந்தனர்’ என்பதன் மறுப்பே ‘ஒருவரும் வரவில்லை’ என்பது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் சங்கத்து அறிவிப்பைப் போன்ற ஒன்றைப் பார்ப்போம்: ‘நூலகத்திற்குப் புதிய தமிழ் நூல்கள் வந்துள்ளன, உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துச் சென்று படிக்கலாம்.’ முதல் எடுகோள்: உறுப்பினர் சிலருக்கேனும் தமிழ் படிக்கத் தெரியும். இரண்டாவது: உறுப்பினர் எல்லாரும் தமிழ் நூல்களில் ஆர்வமுடையவர்கள். இரண்டாவதை மறுத்தால், ஆர்வமில்லாத ஒருவர் எங்கோ இருக்கிறார் என்றாகும். அதனால் அறிவிப்புக்கு யாதொரு குறையும் இல்லை. முதலாவதை மறுத்தால், தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றாகும். பிறகு அவ்வறிவிப்பு யாருக்கு? வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் வேறு எழுத்துக் கற்று வளரும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது, இம்முதல் எடுகோள் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்னும் கவலையும் உடன் எழுகிறது. அது நிற்க.

அடுத்தது, போதுமானதற்கும் இன்றியமையாததற்கும் உள்ள வேறுபாடு. வடநாட்டு நகரொன்றில் புதிதாகக் குடிவந்த அம்மையார் ஒருவர், ‘எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டிருக்கிறது, ஆகவே அங்கே தமிழ்க் குடும்பம் இருக்கிறது’ என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். இதற்கு இரண்டு எடுகோள்கள் தரப்படுகின்றன என்று கொள்வோம். ஒன்று: இந்நகரில் கோலமிடுவோர் அனைவரும் தமிழரே. மற்றொன்று: எதிர்வீட்டுக் கோலம் தமிழரல்லாதார் இட்டதன்று. எது விடை?

பத்தில் எட்டுப் பிள்ளைகள் முதலாவதையே பிடித்துக்கொள்வர். அது வலிமையாக ஒலிக்கிறது. கூற்றோடு சேர்த்தால் முடிவு அச்சுப்போல் வந்துவிடுகிறது. அதாவது அது போதுமானது. ஆனால் இன்றியமையாததா? மறுத்துப் பார்ப்போம். இந்நகரில் கோலமிடும் தமிழரல்லாதார் ஒருவரேனும் இருக்கிறார். இருக்கத்தான் இருக்கிறார்! மராட்டியர் ரங்கோலி இடுகிறார்கள். தெலுங்கர் முக்கு இடுகிறார்கள். வங்காளிகள் அரிசி மாவு கரைத்து ஆல்பனா வரைகிறார்கள். ஆனால் நகரின் மறுகோடியில் ஒரு தெலுங்கு அம்மாள் முக்கு இட்டதனால் எதிர்வீட்டைப் பற்றிய நம் அம்மையாரின் வாதம் விழுந்துவிடாது. இரண்டாவதை மறுத்துப் பாருங்கள்: எதிர்வீட்டுக் கோலமே தமிழரல்லாதார் இட்டது. உடனே காரணம் அறுந்து போகிறது. ஆகவே இரண்டாவதே விடை.

இங்கே நுட்பமான ஐயம் ஒன்று எழலாம். அவ்வீட்டில் வேலை செய்யும் தெலுங்கு அம்மாள் கோலமிட்டிருக்க, உள்ளே இருப்பது தமிழ்க் குடும்பமாகவே இருந்தால்? இருக்கலாம். அப்போது முடிவு உண்மைதான். ஆனால் கோலத்தைக் கொண்டு அதனை அடைந்த வழி பொய்யாகிவிட்டது. எடுகோள் சரிந்தால் முடிவு பொய்யென்று ஆவதில்லை. காரணத்திலிருந்து முடிவுக்குப் போட்ட பாலம் இடிகிறது. அவ்வளவே. இதனை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இப்பகுதியில் பாதி வினாக்கள் விளையாட்டாகிவிடும். ‘எல்லாரும்’, ‘மட்டுமே’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களைக் கண்டால் ஐயுற வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதன் உட்பொருளும் இதுதான். அச்சொற்கள் வாதத்திற்குத் தேவையானதைவிட மிகுதியாகக் கேட்கின்றன. ஆனால் கூற்றே ‘மட்டுமே’ என்று பேசினால், எடுகோளும் அப்படிப் பேசத்தான் வேண்டும். ஆகவே அச்சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவதும் பிழை.

இவையெல்லாம் மேனாட்டார் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டா. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் அளவைவாதி பத்து வகை அளவைகளைச் சொல்லும்போது அருத்தாபத்தி என ஒன்றைக் கூறுகிறான். ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று கொள்ளுதல் அதற்கு உதாரணம். நீரின்மேல் குடியிருப்பு இராது. ‘கரை’ என்னும் சொல் சொல்லப்படாமலே உள்ளே நிற்கிறது. அதைக் கொள்ளாவிடில் கூற்றுக்குப் பொருளில்லை. பரீட்சை வினாவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

நம் இலக்கணத்திலோ ஓர் இடைச்சொல்லே இவ்வேலையைச் செய்கிறது. ‘கண்ணனும் வந்தான்’ என்றால், வேறொருவன் வந்ததையோ வரப்போவதையோ அந்த ‘உம்’ தழுவி நிற்கிறது. எச்சவும்மை என்று தமிழாசிரியர் கற்பித்திருப்பார். ‘ரயில்வே பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம்’ என்னும் தொடரில், வேறு மொழியிலும் எழுதலாம் என்பது எடுகோளாக ஒளிந்திருக்கிறது. ‘தமிழில் எழுதலாம்’ என்றால் அது இல்லை. ‘தமிழிலேயே எழுத வேண்டும்’ என்றால் பிரிநிலை ஏகாரம் மற்ற மொழிகளை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளை இந்த ‘உம்’மையும் ‘ஏ’யையும் கவனித்துப் படித்தால் போதும், சில வினாக்களுக்கு விடை அங்கேயே கிடைக்கும். இலக்கணம் உத்தியோகத்திற்கு உதவாது என்பார்க்கு இதனைச் சொல்லி வையுங்கள்.

வங்கி, ரயில்வே பரீட்சைகளில் அறிவிப்புகளும் விளம்பரங்களும் கூற்றாக வருவதுண்டு. அவற்றுக்கு ஒரு மரபு இருக்கிறது. ‘ஓடும் வண்டியில் ஏறாதீர்’ என்று எழுதி வைப்பவர், ஏற முயல்வோர் சிலர் உண்டு என்பதையும், இதனைப் படித்து அவருள் சிலரேனும் அடங்குவர் என்பதையும் எடுகோளாகக் கொண்டவர். ஒருவரும் கேட்கப் போவதில்லை என்று நினைப்பவர் பெயிண்டுக்குச் செலவழிக்க மாட்டார். ஓடும் வண்டியில் ஏறுவோர் அனைவரும் விழுவர் என்பதோ எடுகோளன்று. சிலர் விழுந்தாலே எச்சரிக்கைக்குப் போதும். அறிவிப்பினால் பயன் விளைந்ததா என்பதும் வினாவன்று. எழுதியவர் மனநிலையே வினா.

பரீட்சைக்கு வெளியிலும் இப்பழக்கம் பணத்தைக் காப்பாற்றும். நகரின் நாற்சந்திகளில் பயிற்சி நிலையங்களின் பெரும் பலகைகளைக் காண்கிறோம். வெற்றி பெற்ற பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. ‘இவர்கள் இங்கே பயின்றார்கள், தேறினார்கள், ஆதலால் உங்கள் பிள்ளையும் பயின்றால் தேறுவான்’ என்பது பலகையின் வாதம். சொல்லாமல் விட்டது, அங்கே பயின்றும் தேறாதவர் தொகை பெரிதன்று என்பது. அவர்களின் முகங்கள் பலகையில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் போருக்குச் சென்று திரும்பிய அமெரிக்க விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் குறித்து வந்தார்கள். அதிகமாகத் துளைபட்ட இடத்திற்கே கவசம் சேர்க்கலாம் என்பது யாருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அதன் அடியில் நிற்கும் எடுகோள், திரும்பாத விமானங்களும் இதே இடங்களில்தான் அடிபட்டன என்பது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய ஆபிரகாம் வால்ட் என்னும் அறிஞர் 1943-இல் எழுதிய குறிப்புகளில், திரும்பிய விமானங்களை மட்டும் கொண்டு, திரும்பாதவை எங்கே அடிபட்டு வீழ்ந்தன என்று மதிப்பிடும் வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். துளையோடு திரும்பியதாலேயே அவ்விடம் அடியைத் தாங்கும் என்றாகிறது. திரும்பியவற்றில் துளை அரிதாக உள்ள இடமே அஞ்சத்தக்கது. இக்கதை இப்போது சற்று மெருகேற்றிச் சொல்லப்படுகிறது. அவர் விட்டுச்சென்றது வசனமன்று, கணக்கு. அவ்வறிஞர் பாரத சர்க்காரின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பரில், மனைவியோடு சென்ற விமானம் நம் நீலகிரி மலையில் மோதி அங்கேயே மாண்டார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

இறுதியாக, நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்றையே வினாவாக்கிப் பார்ப்போம். ‘ஓய்வு பெற்றதும் ஊருக்கே போய்விடப் போகிறோம், ஆதலால் இங்கே வீடு வாங்க வேண்டியதில்லை.’ இதனை ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் எழுதி, மூன்று எடுகோள்களைக் கொடுத்தோம். முதலாவது: பிள்ளைகளும் உடன் வருவார்கள். இரண்டாவது: ஓய்வு பெறும் வரை இங்கே சொந்த வீடில்லாமலே குடியிருக்க இடம் கிடைக்கும். மூன்றாவது: தாம் குடியிருப்பதைத் தவிர, இங்கே வீடு வாங்குவதற்கு வேறு தக்க காரணம் ஒன்றுமில்லை.

ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதலாவதையே குறித்தார்கள். வீட்டில் நடக்கும் விவாதம் முழுவதும் அதைப் பற்றியதாகவே இருப்பது அதற்குக் காரணமாகலாம். மறுத்துப் பார்க்கச் சொன்னோம். பிள்ளைகள் வரவில்லை, பெற்றோர் இருவர் மட்டும் போகிறார்கள். மனத்திற்கு வருத்தந்தான். ஆயினும் கூற்று விழவில்லை. அவர்கள் போவதாகத்தானே சொன்னார்கள்? இரண்டாவதை மறுத்தால், குவார்ட்டர்ஸும் இல்லை, வாடகைக்கும் கிடைக்காது என்றாகி, கூற்று விழுகிறது. மூன்றாவதை மறுத்தாலும் விழுகிறது. ஆகவே இரண்டும் மூன்றும் விடை என்று முடித்தோம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி மட்டும் எழுந்து, ‘மாமா, அப்பாவும் அம்மாவும் போய்விட்டால் நான் எங்கே இருப்பேன்? நான் இங்கேதானே படித்து வேலைக்குப் போவேன்? அது ஒரு தக்க காரணமில்லையா?’ என்று கேட்டாள். காரணந்தான் என்றோம். அப்படியானால் பிள்ளைகள் பேச்சு முதல் எடுகோளின் வழியாக வருவதன்று. மூன்றாவதின் வழியாக வருகிறது என்று அவளே சொல்லி, விடைத்தாளில் திருத்திக்கொண்டாள். அவளுடைய தகப்பனார் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.